எழிலரசி டீச்சரின் வான்குழாய்

எழிலரசிக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் நான் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று சொல்லக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் சுப்பராயன் நடத்திய டுடோரியலில் அவள் அறிவியல் எடுத்தாள், நான் கணக்கு எடுத்தேன். இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். இந்தப் பக்கம் நான் வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் பொத்தென்று சத்தம் கேட்கும். டஸ்டர் எவன் மண்டையிலோ விழுந்திருக்கும். என் வகுப்பு பாடத்தை விட்டுவிட்டு, யாருக்கு விழுந்தது என்று தட்டியின் ஓட்டை வழியாகப் பார்க்கும்.

வகுப்பு என்றால் பிள்ளைகள் இல்லை. மீசை வைத்த ஆம்பிளைகள், பிள்ளை பெற்ற பெண்கள். ரோட்டோரம் முளைத்துக்கொண்டிருந்த கம்பெனிகளில் காண்ட்ராக்டில் இருந்தவர்கள். பத்தாவது பாஸ் பண்ணினால்தான் பர்மனென்ட் என்று கம்பெனிகள் சொல்லிவிட்டதால், ஷிப்டு முடிந்து ஆயில் வாசனையோடு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். அந்த மாதிரி ஆட்களை அடிக்க எனக்குக் கை வராது. எழிலரசிக்கு வந்தது. சோர்ந்து தூங்கினாலும் விழும், தப்பாகச் சொன்னாலும் விழும். ஒருவனும் கோபித்துக்கொண்டு நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். என் வகுப்பில் கை ஓங்காமல் அன்பாகச் சொல்லிக்கொடுத்தும் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

அறிவியல் புத்தகத்தின் கடைசியில் வானத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. மார்க்குக் குறைவு, அதனால் மற்றவர்கள் அதை விட்டுவிடச் சொல்வார்கள். எழிலரசி அதில்தான் ஆரம்பிப்பாள். வானத்தில் சாந்தமாக ஒன்றுமே நடக்கவில்லை, எல்லாம் அடிதடிதான் என்பது அவள் கட்சி. நிலாவின் மூஞ்சியில் இருக்கிற பள்ளமெல்லாம் அடி வாங்கிய தழும்பு என்பாள். முறத்தில் ஈர மண்ணைப் பரப்பி, ஆளுக்கொரு கல்லைக் கொடுத்து எறியச் சொல்வாள். மண் தெறித்து என் பக்கம் வந்து விழும். வெள்ளி என்று நாம் ஆசையாகப் பார்க்கிறது ஒரு அடுப்பு, அதன் மேகம் அத்தனையும் அமிலம். வியாழனில் பூமியையே விழுங்குகிற அளவுக்கு ஒரு புயல் ஓயாமல் சுற்றுகிறது. நட்சத்திரம் விழுகிறது என்கிறோமே, அது நட்சத்திரம் இல்லை, காற்றில் உரசி எரிந்து சாகிற கல். இப்படி ஒவ்வொன்றையும் ஏதோ பக்கத்துத் தெருச் சண்டையை விவரிக்கிற மாதிரி சொல்வாள்.

நட்சத்திரத்தையும் கிரகத்தையும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது என்று யாக்கோபு ஒரு நாள் கேட்டான். அவள் சொன்னது தட்டியைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"மினுக்கினா நட்சத்திரம். மினுக்காம மொறச்சிக்கினு நின்னா கிரகம். அதுவும் தெனம் ஒரே எடத்துல நிக்காது, நட்சத்திரத்துக்கு நடுவுல நவுந்துக்கினே இருக்கும்."

சரியாகத்தான் சொன்னாள். அதற்காக இவ்வளவு சத்தம் போட வேண்டியதில்லை என்று தலைமை வாத்தியாரும் முதலாளியுமான சுப்பராயனிடம் நான் புகார் சொன்னேன். அவர் வழக்கம்போல் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்.

அடிக்கக் கை நீளுகிற பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். பென்னலூர்க்காரி அவள். அப்பா கன்னியப்பனுக்குக் கொஞ்சம் நிலமும் நிறையக் கோபமும் இருந்தன. மாட்டை அடிக்கிற சாட்டையாலேயே பெண்டாட்டி சுந்தராம்பாளையும் அடிப்பார். எழிலரசி பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் அந்தச் சாட்டைக் கையைப் பிடித்து ரத்தம் வரக் கடித்துவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் சாட்டை மாட்டுக்கு மட்டும்தான். காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி. முடித்ததும் வாலாஜாபாத் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். சாம்பாரில் உப்பில்லை என்று புருஷன் சிநேகிதர்கள் எதிரில் அறைந்தான். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த கரண்டியோடு வந்து அவன் தோளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், சரிதான் என்பேன். ஆகாதவள் என்பதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

வானம் பார்க்க அவள் வைத்திருந்த வான்குழாயும், டெலஸ்கோப் என்பார்களே அது, அவள் கையால் செய்ததுதான். ஹாலி வால்மீன் வந்த வருஷம் மெட்ராஸில் யாரோ பயிற்சி கொடுத்தார்கள். இவள் வாராவாரம் பஸ் பிடித்துப் போனாள். நாலங்குல வட்டக் கண்ணாடி ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்து, நடுவில் கண்ணாடியை அராவுகிற பொடியும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். மாதக்கணக்கில் தேய்த்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடி நடுவில் லேசாகக் குழிந்ததும் அதற்கு மெட்ராஸில் பூச்சுப் பூசி வாங்கி, மூன்றரை அடி பிளாஸ்டிக் குழாயின் அடியில் மூன்று ஸ்க்ரூ போட்டு மாட்டினாள். மேல் முனையில் சாய்வாக ஒரு குட்டிக் கண்ணாடி, பக்கவாட்டில் கண் வைத்துப் பார்க்க உடைந்த பைனாகுலரின் லென்ஸ். பழைய கட்டில் பலகையை அறுத்து, குழாயை நிறுத்தித் திருப்ப ஒரு பெட்டி. சாம்பல் நிறத்தில், பார்க்க அசல் பீரங்கிதான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம் எங்கள் ஊரில் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உலகத்துக்கே தெரியும். அதற்கப்புறம் நாங்கள் இருந்த இருப்புதான் வெளியே தெரியாது. லாட்ஜுகளில் தங்கினவர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பை தூக்கிக்கொண்டு நடந்தால் நிறுத்தினார்கள். கல்யாணத்துக்கு வந்த நாதஸ்வரக்காரரின் உறையைக்கூட அவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தார்கள். ஒயர் என்றால் பயம், பேட்டரி என்றால் பயம். இதில் டுடோரியல் மொட்டைமாடியில் ஒரு பீரங்கி நின்றால் கட்டிடத்துச் சொந்தக்காரர் சும்மா இருப்பாரா? குழாயை இறக்கச் சொல்லிவிட்டார்.

இறக்கினாள். ஆனால் விடவில்லை. ஜூன் நடுவில் மேற்கே சாயங்காலம் வெள்ளியும் செவ்வாயும் வியாழனும் ஒன்றுக்கொன்று நெருங்கி ஒரே மூலைக்கு வருகின்றன, நிலாப் பிறையும் பக்கத்தில் வரும், இதைக் காட்டாமல் விண்வெளிப் பாடம் நடத்துவதும் ஒன்று, மாட்டைக் காட்டாமல் பால் விற்பதும் ஒன்று என்றாள். வல்லக்கோட்டை போகிற வழியில் யாக்கோபின் ஊர். ஊருக்கு மேற்கே பெரிய ஏரி, மறைப்பு எதுவும் கிடையாது. அவன் குழாயைத் தன் சைக்கிளில் கட்டி எடுத்துப்போய் வீட்டில் வைத்துக்கொள்வதாகவும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஏரிக்கரைக்கு வந்துவிடுவதென்றும் பேசி முடித்தார்கள். கணக்கு டீச்சரும் வந்து பார்க்கட்டும், பயமாக இருந்தால் வேண்டாம் என்று தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குத்து. அதற்காகவே நான் போனேன்.

யாக்கோபைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயசு, இரும்பைக் காய்ச்சி அடிக்கிற போர்ஜிங் ஷாப்பில் சம்மட்டி மிஷின் வேலை. அவனும் மனைவி ராஜம்மாவும் அந்த ஊர்க் காலனியில் இருந்தார்கள். சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அறிவியலில் இரண்டு தடவை தவறியவன். ஆனால் அந்த ஒரு பாடத்தில் மட்டும் எழிலரசியிடம் அடி வாங்காதவன். கையை நீட்டி முஷ்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து வெள்ளி எத்தனை முஷ்டி உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, ஒரு முஷ்டிக்குப் பத்து டிகிரி என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருவான். கணக்கு என் பாடம். என் வகுப்பில் அவன் இப்படி ஒரு நாளும் போட்டதில்லை.

சனிக்கிழமை ஓட்டுப் போடுகிற நாள். கம்பெனி லீவு. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த யாக்கோபு சாயங்காலம் குழாயை ஏரிக்கரைக்கு எடுத்துப்போய், மறுநாள் சரியாக நிறுத்துவதற்காகப் பழகிப் பார்த்திருக்கிறான். கையில் டார்ச். வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், மறுபடி பழக அரைமணி நேரம் ஆகும், சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது என்று எழிலரசி சொல்லிக்கொடுத்திருந்தாள். அதனால் டார்ச் முகத்தில் சிவப்புத் தாளை ஒட்டியிருந்தான். ஸ்பிரிங் தளர்ந்த டார்ச் அது. அணைந்து அணைந்து எரியும், இவன் தட்டித் தட்டி எரிய வைப்பான். ஊரில் டிராக்டர் வைத்திருந்த எல்லப்பன் தன் நிலத்திலிருந்து இதைப் பார்த்தான். காலனிக்காரன் ஒருவன் கரைமேல் பீரங்கியை நிறுத்தி, ரோட்டைப் பார்த்துச் சிவப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறான். அவன் கண்ணுக்கு அது அப்படித்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரே பயம். குண்டு வைத்தவனுக்கு இடம் கொடுத்த ஊர் என்று பேர் வந்துவிடக் கூடாது. நாமே ஒருத்தனைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் ஊர் தப்பிக்கும் என்று எல்லப்பன் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களைச் சேர்த்துவிட்டான். ஒரு வார்த்தை கூப்பிட்டு, இது இன்னாடா என்று கேட்டிருக்கலாம். தன் மச்சான் மகனாக இருந்தால் கேட்டிருப்பான். யாக்கோபைக் கேட்க வேண்டுமென்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலம் நாங்கள் சைக்கிள்களில் ஏரிக்கரை ஏறியபோது ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. நடுவில் பனைமரம். அதில் யாக்கோபைச் சைக்கிள் ட்யூபால் கட்டியிருந்தார்கள். சட்டை கிழிந்து இடுப்பில் தொங்கியது. வாயும் மூக்கும் ஒன்றாகி ரத்தமாக இருந்தது. எல்லப்பன் கையில் டிராக்டர் ஃபேன் பெல்ட். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை மடித்து இடது காதோடு சேர்த்து வீசினான். யாக்கோபு கத்தக்கூட இல்லை, தலை மட்டும் மறுபக்கம் போய்த் தொங்கியது. அந்தக் காது அதற்கப்புறம் கேட்கவே இல்லை. ராஜம்மா மண்ணில் கிடந்தாள். குறுக்கே விழுந்தவளை எல்லப்பன் வயிற்றில் உதைத்திருக்கிறான். அவள் எழுந்துவிடாதபடி ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் தோளை அழுத்திக்கொண்டிருந்தார்கள். குழாயை மட்டும் யாரும் தொடவில்லை. வெடித்துவிடும் என்று அது நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

எழிலரசி சைக்கிளைப் போட்டுவிட்டு நேராக நடந்தாள். எல்லப்பன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். மல்லாக்க முள்ளில் விழுந்தாள். சரி, இன்றைக்கு இங்கே கொலைதான் என்று நினைத்தேன். அப்பாவைக் கடித்தவள், புருஷனைச் சுட்டவள். இத்தனை ஆம்பிளைகள் நடுவில் இவள் கை ஓங்கினால் யாக்கோபைக் கொன்றுவிட்டு எங்களையும் கொல்வார்கள்.

அவள் எழுந்தாள். முழங்கையில் ஏறிய முள்ளைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு நான் அதுவரை கேட்காத ஒரு குரலில், எல்லப்பனைப் பார்த்து, "அண்ணே" என்றாள். அது வெடிகுண்டு இல்லை, வானத்தைப் பார்க்கிற சாமான், என்னுடையது, அந்தத் தம்பி என் ஸ்டூடண்ட் என்று பொறுமையாகச் சொன்னாள். எனக்கு அவள் அடித்திருந்தால்கூட அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

எல்லப்பன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது என்றான். அதே நேரம் கரைமேல் புல்லட் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. சப்-இன்ஸ்பெக்டர் இராமச்சந்திரன், பின்னால் ஒரே ஒரு கான்ஸ்டபிள். சப்-இன்ஸ்பெக்டர் விருதுநகர்ப் பக்கத்து ஆள். மூன்று வாரமாகத் தூங்காத கண். அவர் முள்ளுக்கு வெளியிலேயே நின்று குழாயைப் பார்த்தார், கட்டியிருந்தவனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். எதைக் கண்டு அதிகம் பயந்தார் என்று சொல்ல முடியாது.

சந்தேகப்பட்ட எதையும் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது தனக்கு வந்த உத்தரவு என்றும், தெரிவித்தால் மெட்ராஸிலிருந்து ஜீப் வரும் என்றும் சொன்னார். அந்த ஜீப் என்றால் என்னவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் ஏறினவன் என்றைக்குத் திரும்புவான், எந்தக் கோலத்தில் திரும்புவான் என்று யாராலும் சொல்ல முடியாது. யாக்கோபு இருந்த நிலைமைக்கு அவன் அதில் ஏறினால் பிழைக்க மாட்டான். விட்டுவிட்டுப் போனாலோ, கூட்டம் இங்கேயே முடித்துவிடும். எழிலரசிக்கு இது இரண்டும் ஒரே நிமிஷத்தில் புரிந்தது.

"சார், நீங்க ஒரு தபா கண்ணு வெச்சிப் பாருங்க. அப்பால ஜீப்ப கூப்டுங்க. நானும் ஏறிக்கிறேன்" என்றாள்.

முள்ளை அவளே காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கூட்டம் சட்டென்று பின்வாங்கியது. மேற்கே மழைமேகம் கரேலென்று ஏறியிருந்தது. நிலாவும் இல்லை, வெள்ளியும் இல்லை, வானமே மூடிக் கிடந்தது. எதைக் காட்டுவாள்? நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். அவள் மேலே பார்க்கவே இல்லை. குழாயைத் தாழ்த்தி, ஏரிக்கு அந்தப் பக்கம் வல்லக்கோட்டை ரோட்டைப் பார்த்துத் திருப்பினாள். இதைத்தான் சொன்னேன், ரோட்டைத்தான் குறி வைக்கிறாள் என்று எல்லப்பன் கத்தினான். சப்-இன்ஸ்பெக்டரின் கை இடுப்புக்குப் போனது. அவள் லென்ஸைத் திருகிச் சரிசெய்துவிட்டு விலகி நின்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ஏம்மா, பஸ்ஸு தலைகீழால்ல போகுது" என்றார்.

சக்கரம் மேலே, கூரை கீழே, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டு போனார்களாம். இந்த வகைக் குழாயில் எதுவுமே கவிழ்ந்துதான் தெரியும் என்று அவள் வகுப்பில் சொல்கிற மாதிரியே விளக்கினாள். அடியில் இருக்கிற குழிந்த கண்ணாடி வெளிச்சத்தை ஒரு இடத்தில் குவிக்கும்போது மேலது கீழாகிவிடும். நிமிர்த்திக் காட்ட வேண்டுமானால் இன்னும் கண்ணாடி வைக்க வேண்டும். வைத்தால் வெளிச்சம் குறையும், மங்கலான நட்சத்திரம் தெரியாது. அதனால் வானம் பார்க்கிறவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள்.

"நட்சத்திரத்துக்குத் தல ஏது, காலு ஏது சார்? கவுந்தா நமக்கு இன்னா? வேவு பாக்குறவன் இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவான்?"

சப்-இன்ஸ்பெக்டர் குழாயின் திறந்த முனையில் கையை விட்டுத் துழாவினார். ஒயர் இல்லை, மருந்து இல்லை. டார்ச்சின் சிவப்புத் தாளைக் கிழித்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு இளக்கம் தெரிந்தது. கட்டை அவிழ்க்கச் சொன்னார். கான்ஸ்டபிள் பனைமரத்துக்குப் போனார். எல்லப்பனின் ஆட்கள் நகரவில்லை. சார் மட்டும் பார்த்தால் ஆச்சா, ஊரு பார்க்க வேண்டாமா, போலீசுக்கு டீச்சர் எதையாவது காட்டி ஏமாற்றினால் நாளைக்குப் பழி யாருக்கு என்று ஒருவன் கேட்டான். அடிபட்டவனைச் சுற்றி வளையம் இறுகியது. இரண்டு காக்கிச் சட்டைகளால் அத்தனை பேரை என்ன செய்ய முடியும்?

அப்போதுதான் மேகம் கிழிந்தது. நாலாம் பிறை, அதை ஒட்டி வெள்ளி, பக்கத்திலேயே வியாழன். செவ்வாய் சின்னதாகச் சிவப்பாக. எழிலரசி குழாயை நிலாவுக்குத் தூக்கினாள்.

"வரிசையா வாங்கண்ணே. எல்லாரும் பாக்கலாம். ஒரு கண்ண மூடிக்கினு பாருங்க" என்றாள்.

முதலில் வந்தவன் குழாயைத் தொடவே பயந்தான். கண்ணை வைத்தான். அய்யய்யோ, எவ்வளவு பள்ளம் என்றான். அவ்வளவுதான், வரிசை தானாக நீண்டது. ஒவ்வொருவனாகக் கண் வைக்க வைக்க, பனைமரத்துப் பக்கம் ஆள் குறைந்தது. ஒருவன் முழங்கையில் யாக்கோபின் ரத்தம் காய்ந்திருந்தது. அந்தக் கையாலேயே, ஓட்டு மை அழியாத விரலை வைத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மலை தெரிகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எழிலரசி அவன் தோளைத் தொட்டுச் சரியாக நிற்கச் சொன்னாள். நிழல் விழுகிற ஓரத்தில்தான் மலை நன்றாகத் தெரியும், அங்கே இப்போதுதான் சூரியன் உதிக்கிறது என்று சொல்லிக்கொடுத்தாள். வெள்ளியைக் காட்டி, அதுவும் நிலா மாதிரி தேய்ந்து பாதியாகத் தெரிகிறது பாருங்கள், சூரியனை அது சுற்றுவதால்தான் அப்படி என்றாள். வியாழனுக்குப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக இருப்பவை அதன் நிலாக்கள் என்றாள். குரலில் தேன் ஒழுகியது. டுடோரியலில் இத்தனை வருஷத்தில் ஒருத்தனுக்காவது இவள் இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாளா?

இதற்கிடையில் கான்ஸ்டபிள் கட்டை அவிழ்த்துவிட்டார். எங்கள் வகுப்பு ஆட்கள் யாக்கோபைத் தூக்கிக்கொண்டார்கள். பால் வேன் ஒன்றை நிறுத்தி அவனைப் படுக்க வைத்தார்கள். ராஜம்மாவும் ஏறினாள். வேன் கிளம்பும்போது அவள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தன் புருஷனை அடித்தவர்களுக்கு டீச்சர் சிரித்துச் சிரித்து வானம் காட்டுவதைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எழிலரசி திரும்பவே இல்லை. ஆனால் அவள் அடிக்கடி தலையைத் தூக்கி ரோட்டைப் பார்ப்பதை நான் கவனித்தேன். வேன் மதகைத் தாண்டியது. இரண்டு போலீஸ்காரர்களோடு புல்லட்டும் அதன் பின்னாலேயே போனது. ஆஸ்பத்திரி போகிற ரோட்டில் வேன் திரும்பி மறைந்தது.

எல்லப்பன் அதுவரை வரிசைக்கு வராமல் வீறாப்பாக ஒதுங்கி நின்றான். எல்லோரும் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொல்லவும் அவனுக்கும் ஆசை தாங்கவில்லை. ஃபேன் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். வியாழனின் நிலாக்களை எண்ணினான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கள்ளமே இல்லை. சந்தோஷமாக இருந்தான்.

"சோக்கா கீது டீச்சர். இன்னொரு தபா பாத்துக்கவா?"

"இருண்ணே" என்றாள்.

குழாயைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடியில் இருந்த மூன்று ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் கழற்றினாள். ஏதோ சரிசெய்கிறாள் என்று வரிசை காத்துக்கொண்டிருந்தது. நாலங்குலக் கண்ணாடியை வெளியே எடுத்தாள். முந்தானையில் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். கீழே போட்டுடாதடி என்றாள். என்னை அவள் அதற்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிறகு எழுந்து, வெறும் குழாயை இரண்டு கையாலும் பிடித்து எல்லப்பனின் காதோடு சேர்த்து வீசினாள்.

அவன் சாய்ந்தான். எழ முயன்றபோது முதுகில் ஒன்று விழுந்தது. பெல்ட்டை எடுக்க நீட்டிய கைமேல் ஒன்று. எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடியில் குழாய் நீளவாக்கில் பிளந்தது. பிளந்த குழாயாலும் அவள் அடித்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எல்லப்பன் புரண்டு புரண்டு ஏரிச் சரிவில் உருண்டு, தண்ணீர் ஓரத்துச் சேற்றில் போய்க் கிடந்தான்.

ஒருவனும் அவளைத் தடுக்கவில்லை. பயமா, வெட்கமா, எனக்குத் தெரியாது. அவள் பிளந்த குழாயை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். தலை அவிழ்ந்து கிடந்தது. வரிசையில் நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அடுத்தது யாரு? வாங்க, வந்து பாருங்க" என்றாள்.

யாரும் வரவில்லை.